வாடிய மாலையும் சின்னசேலம் ரயிலும்

எண்பதுகளின் பிற்பாதி அது. எங்கள் பழைய தென்னாற்காடு ஜில்லாவில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்ததே, ரோட்டோரப் புளியமரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே சாய்த்துப் போட்டார்களே, அந்த வாரம். பஸ் இல்லை, லாரி இல்லை, பேப்பர்கூட வரவில்லை. அப்போது நான் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகக் கணக்கு டீச்சராக இருந்தேன்.

சொந்த ஊர் மணலூர்பேட்டை. அப்பாவுக்குப் பெண்ணையாற்றுப் பக்கம் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. மெட்ராஸில் எம்.எஸ்ஸி. கணக்கு படித்தபோதுதான் 'ஆக்சுவரி' என்று ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரிந்தது. ஆயுள் இன்சூரன்ஸில் எந்த வயதுக்காரர் எவ்வளவு பிரீமியம் கட்டினால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவர்தான் ஆக்சுவரி. பரீட்சை மேல் பரீட்சையாக வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஊரில் ஒருத்தருக்கும் அந்தப் பேரே வாயில் நுழையாது. எனக்கோ அதன்மேல் ஒரு பைத்தியம். மலையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, மீதி நேரத்தில் விழுந்து விழுந்து படித்து, முதல் தாள்களில் எப்படியோ தேறியும் விட்டேன்.

அப்போதுதான் ஒரு பெரிய இன்சூரன்ஸ் நிறுவனம் ஆக்சுவரி பயிற்சிக்கு ஆள் எடுத்தது. எழுத்துத் தேர்வு முடிந்து, நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை, மெட்ராஸில்.

வீட்டில் அப்பா ஒரு கெடு வைத்திருந்தார். "இந்த ஒரு தபாதான். கெடைக்கலன்னா நான் பாத்து வெச்சிருக்கற மாப்ளைக்குக் கழுத்த நீட்டணும், இன்னா?" என்று கறாராகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை திருக்கோவிலூர்ப் பக்கம் அரிசி மில் வைத்திருந்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தவிட்டு வாசனையில் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. அந்த நிறுவனம் மறுபடி எப்போது ஆள் எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமையை விட்டால் அவ்வளவுதான்.

மறியல் தொடங்கியதும் மலைக்கு வரும் பஸ் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஜீப் மட்டும் கீழே இறங்கப் போகிறது என்று கேள்விப்பட்டு, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கவரில் சுருட்டிக்கொண்டு ஓடினேன். விடுதியில் தங்கிப் படித்த பெண் பிள்ளைகள் விடியும்போதே எழுந்து கனகாம்பரமும் மருக்கொழுந்தும் கட்டி வைத்திருந்தார்கள். "நல்லபடியா போய்ட்டு வாங்க டீச்சர்" என்று தலையில் வைத்துவிட்டார்கள். இருந்ததிலேயே நல்ல புடவையாக, பச்சையில் அரக்குக் கரை போட்டதைக் கட்டியிருந்தேன். பார்ப்பதற்குக் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரிதான் இருந்திருப்பேன்.

ஜீப் ஓட்டிய அண்ணன் கச்சிராயபாளையத்துக்காரர். சரியான வாயாடி. கண்ணாடிக்கு முன்னால் ஒரு பெரிய சாமந்தி மாலையைத் தொங்க விட்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"சாவுக்குப் போறவங்க, பிரசவத்துக்குப் போறவங்க, பால் வண்டி, இதுங்கள மட்டுந்தான் வுடறாங்க டீச்சர். பிரசவம்னு சொன்னா நம்ப மாட்டாங்க, ஒங்களப் பாத்தாலே தெரியுதுங்க. அதனால யாராச்சும் கேட்டா, பெரியப்பா செத்துட்டாருன்னு சொல்லிடுங்க" என்றார்.

"எனக்குப் பெரியப்பாவே கிடையாதே அண்ணா?"

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சி. யாருக்கும் பாதகமில்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் இறங்க இறங்க, இல்லாத பெரியப்பாவுக்கு என்ன நோய் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மாரடைப்பு என்று முடிவு செய்தேன். அதுதான் அதிகம் விளக்கம் கேட்காத சாவு.

கச்சிராயபாளையம் தாண்டி வடக்கனந்தலுக்குப் போகும் வழியில் அந்த மரம் கிடந்தது. நல்ல வயசான புளியமரம், இலையோடும் பிஞ்சோடும் ரோட்டை அடைத்துக்கொண்டு சாய்ந்திருந்தது. அதன் மேலும் கீழுமாக ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. ஜீப்பைப் பார்த்ததும் இளவட்டங்கள் எழுந்து ஓடி வந்தார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் துண்டு. எல்லோரும் அவரை 'மேஸ்திரி' என்று கூப்பிட்டார்கள். கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி அவர்.

ஜீப் அண்ணன் பெரியப்பா கதையை உருக்கமாக எடுத்துவிட்டார். மேஸ்திரி மாலையைத் தொட்டுப் பார்த்தார். பூ உதிர்ந்து பொலபொலவென்று கையில் கொட்டியது. மூன்று நாளாக அதே மாலையை வைத்து அந்த அண்ணன் எத்தனை பேரைச் சாகடித்தாரோ!

"இன்னாப்பா இது, மாலை ஒங்க பெரியப்பனுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாப்ல இருக்குதே?" என்றார் மேஸ்திரி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, சாவுக்குப் போறவ தலை நெறையப் பூ வெச்சிக்கினா போவ?"

என் கை தானாகத் தலைக்குப் போனது. ஐயோ, பூ! கனகாம்பரம் சிவக்கச் சிவக்க உட்கார்ந்திருந்தது. எம்.எஸ்ஸி. படித்து என்ன புண்ணியம்? எழவு வீட்டுக்குப் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பெரியப்பாவுக்கு நோய் தேடத் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை.

அதற்கு மேல் பொய் சொல்ல நாக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே உண்மையைக் கொட்டிவிட்டேன். வேலைக்கு நேர்முகம், நாளைக் காலையில், மெட்ராஸில், விட்டால் எனக்கு வேறு வழியில்லை என்று எல்லாவற்றையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்.

"இன்னா வேலை?" என்று ஒருவர் கேட்டார்.

இதை எப்படிச் சொல்வது? "ஆயுள் இன்சூரன்ஸ் இருக்குதில்லைங்க. ஒரே வயசுல ஆயிரம் பேர் இருந்தா, அதில் அந்த வருஷத்துல எத்தனை பேர் தவறிப் போவாங்கன்னு கணக்குப் போடுற வேலை" என்றேன்.

கூட்டம் என்னைப் பார்த்த பார்வையே மாறிப்போனது. மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் மெதுவாகக் கீழே இறங்கி வந்து உள்ளங்கையை நீட்டினார். "அப்ப எனக்கு எப்பன்னு பாத்துச் சொல்லு தாயி."

"ஐயோ, நான் ஜோசியம் பாக்கலைங்க. தனி ஆளுக்குச் சொல்ல முடியாது. ஆயிரம் பேருக்குச் சேத்துதான் சொல்ல முடியும்."

"சரி, அந்த ஆயிரம் பேர்ல நானு எத்தினியாவது ஆளு?"

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன். அவர்களும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. கூட்டத்தில் சூடாக இருந்த ஓர் இளைஞன், "நீங்க இன்னா ஆளுங்க?" என்று கேட்டான்.

சொன்னேன். நான் அவர்கள் ஆட்கள் இல்லை.

"அப்பறம் இன்னாத்துக்கு வுடணும்? நம்ம புள்ளைங்களுக்கு வேலை இல்லன்னுதான ரோட்டுல கெடக்கறோம்? திருப்பி அனுப்பு" என்றான். சிலர் தலையாட்டினார்கள். அவன் கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அவன் முகத்தில் இருந்தது ஆத்திரம் மட்டும் இல்லை, வேலை கிடைக்காத வேதனையும்தான். நானும் வேலை தேடி அலைந்தவள்தானே, அது எனக்குத் தெரியும். ஜீப் அண்ணன் அதற்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார்.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "தபாரு, நாம மறிக்கறது கவர்மெண்ட்ட. வேல தேடிப் போற பொண்ண மறிக்க நாம ஒக்காரல. நாளைக்கு ஒன் தங்கச்சி இதே மாரி கெளம்பி, வேற எவனாச்சும் மரத்தப் போட்டுக்கினு, நீ இன்னா ஆளுன்னு கேட்டான்னா ஒனக்கு எப்டி இருக்கும்?" அந்த இளைஞன் முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்டான்.

மேஸ்திரி என்னைப் பார்த்து, "ரோட்டுல மெட்ராசுக்குப் போவ முடியாதும்மா. உளுந்தூர்பேட்ட வரைக்கும் மரந்தான் கெடக்குது. சின்னசேலத்துல ரயிலு வருதுன்னு சொல்றாங்க. நானு வண்டியில கொண்டுபோய் வுடறன்" என்றார்.

சொன்னவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஆம்பளை, தன்னந்தனியாக ஒரு பெண், கரும்புக் கொல்லை நடுவே பாதை. என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். "இரும்மா, எங்க வூட்டுக்காரிய இட்டுக்கினு வரன்" என்று சொல்லிவிட்டு வடக்கனந்தலில் இருந்த தன் வீட்டுக்கு நடையைக் கட்டினார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. ஜீப் அண்ணன் என் பையை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

அவர் வீட்டு அக்கா வந்தார். இடுப்பில் செருகிய புடவை, கையில் துணியில் கட்டிய ஒரு பொட்டலம். வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் பொண்ணையா அழ வெச்சீங்க? தூ, ஆம்பளைங்களா நீங்க?" என்று கூட்டத்தை ஒரு பிடி பிடித்தார்.

மேஸ்திரியிடம் இருந்தது ஒரு பழைய மொபெட். முன்னால் அவர், நடுவில் அக்கா, பின்னால் நான். என் பை அக்காவின் மடியில். அது புறப்பட்டபோது போட்ட சத்தத்தில், சின்னசேலம் என்ன, வாய்க்காலைக்கூடத் தாண்டாது என்று நினைத்தேன். கோமுகி வாய்க்கால் கரையில் ஏறி, கரும்பு வண்டி போகும் பாதைகளில் இறங்கி, சேற்றில் வழுக்கி வழுக்கிப் போனோம். மேடு வந்தால் அக்காவும் நானும் இறங்கித் தள்ளுவோம். "வண்டி வாங்கன காலத்துலேர்ந்து நான் ஒக்காந்து போனத விடத் தள்ளிக்கினு போனதுதான் ஜாஸ்தி" என்று அக்கா அலுத்துக்கொண்டார். "அப்ப நடந்து வாடி" என்பார் மேஸ்திரி. இப்படியே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தச் சண்டை எனக்கு எவ்வளவு தைரியமாக இருந்தது தெரியுமா?

சின்னசேலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு மரம். அங்கே இருந்தவர்கள் மேஸ்திரிக்குத் தெரியாத ஆட்கள். கம்போடு வந்து வழியை மறித்தார்கள். மேஸ்திரி பேசத் தொடங்குவதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "எங்க சின்னம்மா பொண்ணு. ரயிலுக்கு நேரமாவுது, வழிய வுடுங்க" என்றார். அவர் சொன்ன தோரணையில் நானே ஒரு நிமிஷம் அதை நம்பினேன். விட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து மொபெட்டை மரத்துக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் இறக்கியும் கொடுத்தார்கள்.

ஸ்டேஷனில் கேட்டால், "வந்தா வரும்மா" என்றார்கள். "நீங்க கிளம்புங்க அண்ணா, நான் இருந்துக்கறேன்" என்று எவ்வளவோ சொன்னேன். இருவரும் அசையவில்லை. "ரயிலு வரலன்னா இந்தப் பொண்ணு ராத்திரி எங்க தங்கும்?" என்றார் அக்கா. பிளாட்பாரத்து வேப்பமர நிழலில் உட்கார வைத்து, பொட்டலத்தைப் பிரித்தார். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத எனக்கு அது அமிர்தமாக இறங்கியது. சேறு பட்ட புடவைக் கரையைக் குழாயடியில் கசக்கிப் பிழிந்துவிட்டார். மேஸ்திரி தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் போலத்தான் ரயில் வந்தது. நான் ஏறி உட்கார்ந்ததும் மேஸ்திரி ஜன்னலோரம் வந்து நின்று, "அங்க போயி அழுதுக்கினு நிக்காதம்மா. கேட்டதுக்கு டக்டக்குனு சொல்லு. கெடச்சா ஒரு சேதி சொல்லி அனுப்பு" என்றார். அவர் பெயர்கூட நான் அதற்குப் பிறகுதான் கேட்டேன். ரயில் நகர ஆரம்பித்த பிறகு, கத்தித்தான் கேட்டேன்; அவரும் கத்தித்தான் சொன்னார்.

விருத்தாசலத்தில் வண்டி மாறி, நின்றும் உட்கார்ந்தும் விடிகாலையில் எழும்பூரில் இறங்கினேன். ஸ்டேஷன் ஓய்வறையிலேயே முகம் கழுவிக்கொண்டு நேராக அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பெரியவர், "படிக்காத ஒருவரிடம் உங்கள் வேலை என்ன என்று எப்படி விளக்குவீர்கள்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நேற்றுத்தான் சார் விளக்கினேன், சரியாக விளக்க முடியவில்லை" என்று சொல்லி, மரத்திலிருந்து இறங்கி வந்து கையை நீட்டியவர் கதையைச் சொன்னேன். 'ஆயிரம் பேரில் நான் எத்தனையாவது ஆள்' என்று அவர் கேட்டதைச் சொன்னதும் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். "அதற்குப் பதில் எங்கள் மூவருக்குமே தெரியாதம்மா" என்றார் பெரியவர். பிறகு கடினமான கேள்விகளும் வந்தன. மேஸ்திரி சொன்ன மாதிரியே டக்டக்கென்று சொன்னேன். எங்கள் ஜில்லாவிலிருந்து அன்றைக்கு வர முடியாமல் போனவர்களும் இருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. அவர்களுக்கு வேறு தேதி கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது.

வேலை கிடைத்தது. அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் விசாரணைக்கு வந்தார். என் மேல் கேஸ் ஏதாவது உண்டா, போராட்டம் எதிலாவது பேர் அடிபட்டிருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டு, காபி குடித்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். பம்பாயில் சேர்ந்தேன். பெரிய ஹாலில் ஒரு மூலை மேசை, கை வைத்தால் கடகடவென்று ஓடும் கணக்கு மெஷின், பக்கம் பக்கமாக வயதும் சாவும். முதல் மாதம் முழுக்க, ஆயிரம் பேர் என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் புளியமரத்துக் கூட்டம்தான் கண்ணுக்கு வந்தது. சேதி சொல்லி அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். விலாசம் தெரியாது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது நேரிலேயே போய்விடுவோம் என்று, ஒரு வேட்டியும் புடவையும் வாங்கிக்கொண்டு அப்பாவோடு வடக்கனந்தலுக்குக் கிளம்பினேன்.

பெயர் சொல்லி விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். அக்கா வாசலில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டார். உள்ளேயிருந்து மேஸ்திரி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். தலைமுடி ஒட்ட வெட்டி, அப்போதுதான் வளர ஆரம்பித்திருந்தது. என்னாயிற்று, உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"மொதல்ல அதச் சொல்லு. வேலை கெடச்சிதா?" என்றார்.

கிடைத்தது என்றேன். பம்பாயில் இருக்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா, நான் சொன்னன்ல?" என்று அக்காவைப் பார்த்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் அவர் தடுக்கத் தடுக்க அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"ஒன்ன ரயிலேத்திட்டுத் திரும்பிக்கினு இருந்தோம். வாய்க்கா மேட்டாண்ட போலீசு வேன் நின்னுக்கினு இருந்துச்சி. எங்கடா போய்ட்டு வர்றன்னு இவரப் புடிச்சிக்கினாங்க. ஒரு பொண்ண ரயிலுக்கு வுட்டுட்டு வரோம் சார்னு சொல்ல நானு வாயத் தொறந்தன். இந்த மனுசன் என்ன ஒரு மொற மொறச்சாரு பாரு. அத்தோட வாயடச்சிப் போச்சி. இன்னாத்துக்கு அலைஞ்சன்னு கேட்டு அடிக்கறாங்க, சும்மாதான் சார்ங்கறாரு. வேன்ல ஏத்திக்கினு போய்ட்டாங்க. வண்டியத் தள்ளிக்கினு நான் ஒண்டியா வூடு வந்தன்."

கடலூர் ஜெயில். கரும்பு வெட்டு தொடங்கும் சமயத்தில் உள்ளே. வெளியே வந்த பிறகும் கேஸ் முடியவில்லை, வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டிருந்தது.

"என் பேரைச் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களே அண்ணா! ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா ஒன் பேரக் கேப்பான். ஊரக் கேப்பான். ஸ்டேஷன்ல எழுதிக்குவான். அப்பறம் வேலைக்கு விசாரிக்க வரும்போது ஒன் பேரு அங்க கெடந்தா? எங்க பங்காளி பையனுக்குப் பட்டாளத்து வேலை அப்டித்தான் போச்சி" என்றார், ஏதோ மழை வராததைப் பற்றிச் சொல்வதுபோல.

அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்து அனுப்பிய போலீஸ்காரர் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் கோர்ட்டுக்கு வருகிறேன், அன்றைக்கு மத்தியானம் முழுக்க நீங்கள் என்னோடு ரயில்வே ஸ்டேஷனில் இருந்ததைச் சாட்சி சொல்கிறேன் என்றேன். மேஸ்திரிக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஒண்ணும் வாணாம். அந்த மரத்த வெட்டனது நான்தான? அதுக்குப் போனன். ஒன்ன ரயிலேத்துனதுக்கா போனன்? நீ போயி ஒன் வேலையப் பாரு."

அப்பா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் மணலூர்பேட்டை நெருங்கும்போது, "பரீட்சை எல்லாத்தையும் எழுதி முடிச்சிடு" என்றார். அதோடு அரிசி மில் பேச்சு எங்கள் வீட்டில் நின்றது.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் நடந்த எல்லாமே இப்படி நல்லதாக முடியவில்லை. குடிசை எரிந்தவர்கள் உண்டு, வீட்டு ஆளையே பறிகொடுத்தவர்கள் உண்டு. அவர்களிடம் கேட்டால் வேறு கதைதான் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். நான் என் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

மேஸ்திரி மேல் இருந்த கேஸ் பின்னால் ஒருவழியாகத் தள்ளுபடி ஆனது. எனக்குப் பரீட்சைகள் முடிய வருஷங்கள் ஆயின, தோற்ற தாள்களும் நிறைய. ஒவ்வொரு தடவை தோற்கும்போதும், போதும், விட்டுவிடலாம் என்று தோன்றும். விட்டால் வடக்கனந்தலுக்குப் போய் அந்த மனிதர் முகத்தில் எப்படி முழிப்பது என்று மறுபடி புத்தகத்தை எடுப்பேன். கடைசித் தாள் தேறியதை அப்பாவுக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் சொன்னேன். அக்காவும் நானும் இன்றைக்கும் போனில் பேசிக்கொள்கிறோம்.

ஆபத்தை எடைபோட்டுப் பார்த்து அதற்கு விலை சொல்வதுதான் என் தொழில். அன்றைக்கு வாய்க்கால் மேட்டில் அந்த மனிதர் எனக்கு வரக்கூடிய ஆபத்தை மட்டும் எடைபோட்டுப் பார்த்தார், தன்னுடையதைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இந்தத் தொழிலே எனக்குக் கிடைத்திருக்காது.